பெத்லகேமும் குற்றாலமும்: தமிழ்ச் சினிமாவில் விசுவாசத்தின் தடங்கள்

1

2014 ஜூன் மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. ஐந்தருவி போகிற பாதையில் ஒரு விடுதியில் மூன்று நாள் கிறிஸ்தவ வாலிபர் முகாம். 'ஊடகமும் விசுவாசமும்' என்கிற தலைப்பில் ஒரு மணி நேரம் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிறுபத்திரிகையில் சினிமா பற்றி நாலைந்து கட்டுரை எழுதியவன், அதோடு ஞானஸ்நானம் பெற்றவன் என்ற இரண்டு தகுதிகளும் ஒருசேர அமைந்த ஆள் தென்காசிப் பக்கத்தில் வேறு யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பேச்சு முடிந்ததும் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தன், தான் எடுத்த பதினோரு நிமிஷப் படத்தைப் போட்டுக் காட்டினான். தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமம். அந்த ஊர் கிறிஸ்தவர்களுக்கு ஒரே கோயில், ஒரே போதகர், ஒரே பாமாலை. கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு. நடுவில் ஒரு சுவர். படத்தில் பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு கிழவர் தன் மனைவியின் குழிமேட்டுக்குப் போக அந்தச் சுவரைச் சுற்றி நடக்கிறார், அவ்வளவுதான். காமிரா அவருக்குப் பின்னாலேயே போகிறது. கிழவர் அந்தப் பையனுடைய தாத்தா.

விளக்கைப் போட்டதும் முகாம் நடத்தியவர்களில் ஒருவர் எழுந்து மிகவும் அன்பாகச் சொன்னார்: "தம்பி, ஒளிப்பதிவெல்லாம் அருமையா இருக்கு. ஆனா இதுல ஆண்டவர் எங்க இருக்கார்? சபையைக் குறை சொல்லுதது சாட்சி ஆகுமா? ரட்சிக்கப்பட்ட ஒருத்தரோட வாழ்க்கையை இதே மாதிரி எடுத்தா ஜனங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்லா?" பையன் என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க சார். நான் சினிமாவுக்குப் போகணும்னு ஜெபம் பண்ணித்தான் முடிவெடுத்தேன். இது கிறிஸ்தவப் படம் இல்லையா?"

நான் வாயைத் திறக்கவில்லை. டீ வந்துவிட்டது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை ஒரு வரலாறாக எழுதிப் பார்க்கும் முயற்சி இது. கிறிஸ்தவ விசுவாசத்தின் உந்துதலில் கலை செய்ய வந்த தமிழர்கள் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதுதான் கேள்வி. சினிமாவிலிருந்து தொடங்கினால் கதையின் பாதிதான் கிடைக்கும். குற்றாலத்திலிருந்தே தொடங்குவோம்.

2

நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் குற்றாலத்துக்கு உரியது சித்திர சபை. பொன்னும் வெள்ளியும் செம்பும் மற்ற தலங்களுக்குப் போய்விட, இந்த ஊருக்குக் கிடைத்தது சுவர்ச்சித்திரம். இங்கே சாமி ஆடுவது ஓவியமாக. படத்தில் தெய்வம் குடியிருக்கும் என்று ஒப்புக்கொண்ட ஊர் இது. இதே ஊரைப் பாடுபொருளாக வைத்துப் பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குற்றாலக் குறவஞ்சியை எழுதினார். மதுரை நாயக்க மன்னர் அதற்குப் பரிசாகத் தந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர். கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. அந்த நூலைச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையைக் கவிதை ரசிக்கவைத்தார்.

குறவஞ்சியின் அமைப்பு நமக்குத் தெரிந்ததுதான். உலா வரும் இறைவன்மேல் வசந்தவல்லி காதல் கொள்கிறாள். மலையிலிருந்து குறத்தி வந்து தன் நாட்டு வளம் சொல்லி, கைபார்த்துக் குறி சொல்லி, பரிசு வாங்கிப் போகிறாள். பிறகு சிங்கன் நூவனோடு பறவை பிடிக்கக் கண்ணி வைத்து, காணாமற்போன சிங்கியைத் தேடி அலைகிறான். உயர்குலப் பெண்ணின் ஏக்கம் ஒரு பாதி, மலைக்குறவரின் வாழ்வு மறுபாதி. கோயில் முற்றத்தில் நிகழ்த்தப்பட்ட இந்த நாடகத்தில் குறத்திக்குப் பேச முழு உரிமை உண்டு. அதே குறத்தி நிஜத்தில் அந்த முற்றத்துக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி.

திருநெல்வேலியில் 1774இல் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். சிறுவனாக இருக்கும்போதே சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்கவைத்தார். பின்னால் மன்னராகிய சரபோஜியும் அவரும் சம காலத்தில் சுவார்ட்ஸின் நிழலில் வளர்ந்தவர்கள். 1800ஐ ஒட்டி அவர் எழுதியது பெத்லகேம் குறவஞ்சி. தலைவி சீயோன் குமாரத்தியாகிய தேவமோகினி. குறி சொல்ல வருபவள் ஞானச்சிங்கி, அதாவது விசுவாசம். சிங்கனும் நூவனும் போடுகிற கண்ணி ஆத்துமாக்களுக்கானது. நமது ஊர் உபதேசியார் தோளில் பையோடு தெருத்தெருவாகப் போகிற சித்திரம் அதற்குள் இருக்கிறது. குறத்தி நாட்டு வளம் சொல்லும் இடத்தில் அன்றைய ஐரோப்பியப் பூகோளமும் வானசாஸ்திரமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதை 'மதமாற்றத்துக்காக உள்ளூர் வடிவத்தைப் பயன்படுத்தினார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெத்லகேமைப் பார்க்கச் சாஸ்திரியாரிடம் இருந்த ஒரே கண் குறவஞ்சியின் கண். மாட்டுத்தொழுவத்தில் பிறந்த தேவனுக்கு மலையிலிருந்து இறங்கிவரும் குறத்திதான் தூது சொல்ல முடியும் என்ற இறையியல் அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. செய்தியை எழுதிவைத்துவிட்டு மேலே கலையைப் பூசுகிற வேலை இல்லை இது.

ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் சாஸ்திரியாரின் பாடல்களை ஆராதனையிலிருந்து விலக்கப் பார்த்தார்கள். சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், ஒன்றாக நற்கருணை வாங்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். வேளாளராகிய சாஸ்திரியார் இரண்டையும் சேர்த்தே எதிர்த்தார். தமிழ்ப் பாட்டைக் காப்பாற்ற எழுதிய அதே கை, சபைக்குள் சாதி இருக்கையைக் காப்பாற்றவும் எழுதியது. கலையில் குறத்திக்கு விசுவாசத்தின் பாத்திரத்தையே கொடுத்தவர், கோயிலில் பறையரோடு கலந்து உட்கார மறுத்தார்.

நமது பண்பாட்டுவாதிகள் முதல் பாதியை மட்டும் சொல்லி மெய்மறக்கிறார்கள். சாதி எதிர்ப்பாளர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி ஆளையே தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மனிதர், ஒரே விசுவாசம். உள்ளூர் வடிவத்தை எடுக்கும்போது உள்ளூர் அதிகாரமும் கூடவே வரும் என்பதை இந்த வரலாற்றின் முதல் பாடமாகக் கொள்ளலாம்.

3

சினிமா தமிழ்நாட்டுக்குள் கால்வைத்து நடந்தபோது அதன் பெட்டிக்குள் இயேசு இருந்தார் என்பது உருவகம் அல்ல, நேரடியான செய்தி. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர் கோயம்புத்தூர்க்காரராகிய சாமிக்கண்ணு வின்சென்ட், கத்தோலிக்கர். 1905இல் து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு வந்த இடத்தில் உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. அவரிடமிருந்து 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வின்சென்ட் படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். அவற்றில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கை பற்றிய மௌனப்படம். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வடக்கே பெஷாவர் வரை, கடல் தாண்டி ரங்கூன் வரை போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் தேடி எடுத்து எழுதியிராவிட்டால் இந்த மனிதரும் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

1910–11இல் பம்பாயின் ஒரு கூடாரத் தியேட்டரில் கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருந்த தாதாசாகேப் பால்கேயின் மனக்கண்ணில் ராமனும் கிருஷ்ணனும் ஓடினார்கள் என்பது சினிமா மாணவர்கள் எல்லோருக்கும் பாடமாகிவிட்ட கதை. அதன் விளைவு 1913இல் வந்த 'ராஜா ஹரிச்சந்திரா'. ஆக, இந்திய சினிமாவின் இரண்டு வாசல்களிலும் ஒரே ஆள் நிற்கிறார். பால்கே அந்தச் சிலுவைக்காரரைப் பார்த்துவிட்டுத் தன் தெய்வங்களைத் தேடிப் போனார். வின்சென்ட் என்ன செய்தார்?

வின்சென்ட் காலத்துக் கூடாரங்களில் படத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்லுவார். சொல்லப்போனா, அவரும் ஒரு உபதேசியார்தான். மிஷனரிகள் மாயவிளக்கு வைத்துச் சுவரில் வேதாகமக் காட்சிகளைக் காட்டிய இடங்களில் உபதேசியார் நின்று விளக்கியதற்கும், கூடாரத்தில் விளக்குபவர் நின்று விளக்கியதற்கும் சனங்களின் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வித்தியாசம் வாசலில் இருந்தது. இங்கே டிக்கெட். காசு கொடுத்தவன் யாராக இருந்தாலும் உள்ளே போகலாம். தரைக்கும் பெஞ்சுக்கும் விலை வேறு என்றாலும், கோயில் முற்றம் தராத ஓர் இருட்டைக் கூடாரம் எல்லோருக்கும் பொதுவாகத் தந்தது.

பேசும்படக் காலத்தில் வின்சென்ட் கல்கத்தா பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்த படம் 1933இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்'. டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்து நன்றாக ஓடிய படம். இயேசுவைக் காட்டித் தொழிலைத் தொடங்கியவர் குறவர்மகளைக் காட்டிப் பணம் பண்ணியிருக்கிறார். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் குற்றாலத்துக் குறத்தியும் தினைப்புனத்து வள்ளியும் தமிழ்க் கற்பனையை எவ்வளவு ஆழமாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. விளிம்பில் வாழும் பெண்ணின் உருவம் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணே வந்து காமிரா முன் நின்றால் என்ன ஆகும்?

4

இதற்குப் பதில் திருவிதாங்கூரில் கிடைத்தது. நம்மவர்களுக்குத் திருவிதாங்கூர் தூரதேசமாகத் தோன்றலாம். 1956 நவம்பர் 1 வரை குற்றாலத்துக்கு அடுத்த செங்கோட்டை திருவிதாங்கூர்க்காரர்களின் ஊர்தான். கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீஸ்வரமும் அப்படியே. அந்த அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த தமிழ் நாடார் கிறிஸ்தவர் ஜே.சி. டேனியல். இன்று மலையாள சினிமாவின் தந்தை என்று அழைக்கப்படுகிறவர். பல் மருத்துவம் படித்த அவர், சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி 'விகதகுமாரன்' என்ற மௌனப்படத்தை எடுத்தார். எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, நாயகனாகவும் நடித்தவர் அவரே. படம் வந்தது 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு.

எல்லோரும் புராணம் எடுத்துக்கொண்டிருந்தபோது டேனியல் சமூகக் கதை எடுத்தார். நாயகியாக நடிக்கக் குடும்பப் பெண்கள் யாரும் வராத காலம். புலையர் சாதியைச் சேர்ந்த, புல் அறுத்துப் பிழைத்த, நாட்டுக்கூத்தில் நடிக்கத் தெரிந்த பெண்ணை அழைத்துவந்து நாயர் பெண்ணாக நடிக்கவைத்தார். அவள்தான் பி.கே. ரோஸி.

திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் முதல் காட்சி. புலைச்சி நாயர் பெண்ணாக உடுத்திக்கொண்டு வருகிறாள், அவள் தலையில் சூடிய பூவை நாயகன் முத்தமிடுகிறான். அரங்கம் கொதித்தது. திரைமேல் கல் விழுந்தது, திரை கிழிந்தது. ரோஸியின் குடிசைக்கும் தீ வைத்தார்கள் என்கிறார்கள். அவள் ஒரு லாரியில் ஏறித் தமிழ்ப் பக்கம் தப்பி வந்து, அந்த லாரி ஓட்டியவரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தாள். சினிமாவுக்குத் திரும்பவே இல்லை.

இந்தக் கல்லெறிதலை ஒரு நூற்றாண்டு பின்னால் வைத்துப் பார்க்க வேண்டும். தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் கிறிஸ்தவர்களாகிய நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தெருவில் அடிக்கப்பட்டார்கள். 1822இலிருந்து 1859 வரை விட்டு விட்டு நடந்த தோள்சீலைக் கலகம் அது. யார் எந்த ஆடையை உடுத்தலாம் என்பது அங்கே சாதியின் சட்டம். அந்தச் சட்டத்தை உடைத்து ஆடை வாங்கிய சமூகத்தின் பேரன் டேனியல். அவர் ஒரு புலையர் பெண்ணுக்கு நாயர் பெண்ணின் ஆடையை உடுத்தித் திரையில் நிறுத்தினார். விசுவாசம் ஒரு சமூகத்துக்குக் கொடுத்த துணிச்சல் அடுத்த உடலுக்குக் கைமாறிய தருணம் என்று நான் இதை வாசிக்கிறேன். டேனியல் இப்படி நினைத்துச் செய்தாரா என்று கேட்டால் நினைக்காமலும் செய்திருக்கலாம். ஒரு பிரதியின் பொருள் செய்தவரின் நினைப்போடு முடிந்துவிடுவதில்லை. படத்தில் ஏசுவும் இல்லை, சிலுவையும் இல்லை. முகாமில் அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம்: இதில் ஆண்டவர் எங்கே இருக்கிறார்?

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் காட்சிக்கு வந்த பிரமுகர்கள் அவளோடு ஒரே அரங்கில் உட்கார மாட்டார்கள் என்பதால் ரோஸி உள்ளே அனுமதிக்கப்படவில்லை என்றே இந்த வரலாற்றைத் தேடியவர்கள் எழுதுகிறார்கள். திரையில் இடம் கொடுத்தவரால் அரங்கில் ஒரு நாற்காலி கொடுக்க முடியவில்லை. சாஸ்திரியாரின் கதை வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. குற்றாலத்தில் டீயைச் சாக்கிட்டு எழுந்துபோன என் கதையும்தான்.

டேனியல் கடனாளியாகிப் பல் மருத்துவத்துக்குத் திரும்பினார், 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். நலிந்த கலைஞருக்கான உதவி கேட்டபோது தமிழ்நாட்டுக்காரர் என்று கேரள அரசு மறுத்தது. அவருக்காக விடாமல் எழுதிய பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் இல்லாவிட்டால் அந்தப் பெயரும் அழிந்திருக்கும். 1992இல் கேரள அரசு அவர் பெயரிலேயே உயரிய சினிமா விருதை ஏற்படுத்தியது. ரோஸிக்கான நினைவு இன்னும் தாமதம். 2013இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' வந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தாள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவள் பெயரில் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. 'விகதகுமாரன்' படச்சுருள் அழிந்துபோயிற்று. ரோஸி அசைந்து நடிக்கிற ஒரு விநாடிகூட நமக்கு மிஞ்சவில்லை.

5

இதற்குப் பிறகு தமிழில் 'கிறிஸ்தவப் படம்' என்று ஒரு வகை உண்டாகிறது. 1948இல் சிட்டாடல் நிறுவனத்தின் 'ஞானசௌந்தரி'. சிற்றன்னையின் கொடுமையால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண்ணுக்கு மாதா கைகளைத் திரும்பத் தரும் கதை. நாடகமேடையில் ஏற்கனவே ஓடித் தேய்ந்த கதைதான். எம்.வி. ராஜம்மா நடிப்பில் மதம் தாண்டி எல்லோரும் பார்த்தார்கள். அதே கதையைப் போட்டியாக எடுத்த ஜெமினி வாசன் தன் படம் எடுபடாமல் திரும்பப் பெற நேர்ந்தது. 1971இல் 'அன்னை வேளாங்கண்ணி'. இவற்றின் இலக்கணம் அம்மன் படங்களின் இலக்கணம்: துன்பம், முறையீடு, பாட்டு, அற்புதம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேளாங்கண்ணிக்கு மொட்டை போடப் போகிற இந்துவுக்கும் கிறிஸ்தவனுக்கும் பொதுவான ஒரு வெளியை அவை காட்டின. எம்.ஜி.ஆர். இயேசுவாக வேடமிட்ட படம் வெளிவராமலே போனது. ஆனால் அந்த வேடத்தில் அவர் இருக்கிற காலண்டர் வீடுகளில் தொங்கியது. நட்சத்திரத்தின் உடலும் தெய்வத்தின் உடலும் ஒட்டிக்கொள்கிற நமது அரசியலுக்கு அதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடையாது.

எங்கள் ஊர்ச் சபை இதில் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. கத்தோலிக்கருக்கு ரோமிலிருந்து 1936இல் சினிமா பற்றிய சுற்றுமடல் வந்தது, 1963இல் வத்திக்கான் சங்கம் ஊடகங்களை வரவேற்றது. கல்கத்தாவில் காஸ்டன் ரோபெர்ஜ் என்ற சேசு சபைக் குருவானவர் 1970இல் 'சித்ரபாணி'யைத் தொடங்கி, சத்யஜித் ராயோடு நட்பாக இருந்து, ஒரு தலைமுறைக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நாங்கள் திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபைக்காரர்கள். எங்களுக்குச் சினிமாக் கொட்டகை என்றால் பாவத்தின் கூடாரம். தியேட்டர் வாசலில் பார்த்ததாக யாராவது சொல்லிவிட்டால் ஓய்வுநாள் பள்ளியில் எழுந்து நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன்.

அதே சபை மைதானத்தில்தான் 1980களில் வேட்டி கட்டி இயேசு படம் காட்டினார்கள். 1978இல் தெலுங்கில் வந்த 'கருணாமயுடு' பல மொழிகளில் பேசவைக்கப்பட்டு ஊர் ஊராகப் போயிற்று. இயக்கியவர் நம்முடைய 'பாசமலர்' பீம்சிங். 1979இல் அமெரிக்கர்கள் எடுத்து உலக மொழிகளுக்கெல்லாம் அனுப்பிய 'இயேசு' படமும் வந்தது. விஜயசந்தர் சிலுவை சுமந்தபோது எங்க ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்துப் பெண்களும் அழுதார்கள். அந்த அழுகை பொய் இல்லை. படம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் அழைப்பு: ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னுக்கு வரலாம். படத்தின் உயிர் அந்த அழைப்போடு தீர்ந்துவிடும், பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். சினிமா பாவம், சினிமாவில் ஏசு வந்தால் ஊழியம். சினிமாவின் கண் என்ன பார்க்கிறது என்ற கேள்வி இந்த இரண்டு நிலைப்பாட்டிலும் கிடையாது. வாகனம் ஓடினால் போதும். முகாமில் அந்தப் பெரியவர் பேசியது இந்த வரலாற்றின் குரல்தான். அவரைத் தனி மனிதராகக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

6

சிலுவையே இல்லாத இரண்டு படங்களை, இல்லை, ஒன்றில் சிலுவை உண்டு, அவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

இளையான்குடியில் 1939இல் பிறந்த ஜோசப் அலெக்சாண்டர்தான் இயக்குநர் மகேந்திரன். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே தமிழ்ச் சினிமாவின் போலித்தனத்தைப் பேசியவர். அவருடைய 'உதிரிப்பூக்கள்' (1979), நம்ம நெல்லைப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தூண்டுதலாகக் கொண்டது. கொடியவனான சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆற்றங்கரைக்கு நெட்டித்தள்ளிக்கொண்டு போகிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததில் பெரிய தப்பு அதுதான் என்கிற பொருளில் சொல்லிவிட்டு அவன் தண்ணீருக்குள் இறங்குகிறான். குழந்தைகள் கரையில் நிற்கின்றன. பாவம் பற்றித் தமிழில் இதைவிடக் கனமான பிரசங்கத்தை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. பாவியைத் தண்டித்த கைகளும் கறைபடிந்தவை என்று காமிரா சொல்கிறது, ஆனால் யாரையும் முன்னுக்கு வரச் சொல்லவில்லை. மகேந்திரனின் தனிப்பட்ட விசுவாசம் பற்றி எனக்குத் தீர்ப்பு கிடையாது. அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க மட்டும் உரிமை கோருகிறேன்.

இன்னொன்று பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி' (1964). எடுத்தவர் மார்க்சியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பாலஸ்தீனத்துக்கே போய் இடம் பார்த்துவிட்டு, அது தனக்கு உதவாது என்று திரும்பி, தென் இத்தாலியின் வறண்ட மலையூர்களில் அந்த ஊர்ச் சனங்களை வைத்தே எடுத்தார். வயதான மரியாளாக நடித்தவர் அவருடைய சொந்தத் தாய். கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு அதற்கு விருது கொடுத்தது. பெத்லகேமைத் தன் ஊர் ஏழைகளின் முகத்தில் பார்த்த இந்த நாத்திகரும், குறத்தியின் வாயில் கேட்ட நம்முடைய வேதநாயக சாஸ்திரியாரும் ஒரே காரியத்தைச் செய்தவர்கள் என்றால் சாஸ்திரியாருக்குக் கோபம் வரலாம். வரட்டும். அவரிடம் இல்லாத ஒன்று பசோலினியிடம் இருந்தது. முகத்தை எடுத்துக்கொண்ட சனங்களோடு உட்கார அவர் வெட்கப்படவில்லை.

தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் போகிற வழியில் 'அந்நியன் பாறை' இருக்கிறது. 2005இல் வந்த சங்கர் படத்தின் பாட்டுக்காகக் கற்களில் சினிமா நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் இப்பவும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குற்றாலத்தில் சுவரில் தெய்வம், இங்கே பாறையில் நட்சத்திரம். இந்த மண்ணில் வேலை செய்து, இங்கேயே புதைக்கப்படுகிறவர்களின் முகம் எங்கே வரையப்பட்டிருக்கிறது? அந்தப் பையனின் பதினோரு நிமிஷத்தில் ஒரு கிழவரின் முதுகு இருந்தது.

தம்பி, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்லுதேன். உன் படம் கிறிஸ்தவப் படம்தான். அதில் ஏசு பெயர் வராததாலும் இல்லை, சபையை விமர்சிப்பதாலும் இல்லை. சுவரைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கிற மனிதனுக்குப் பின்னால், அவனுடைய வேகத்திலேயே, பதினோரு நிமிஷம் பொறுமையாக நடந்ததால். சாஸ்திரியாரும் டேனியலும் பாதி வழி வந்தார்கள். அடுத்த பாதி கேமராவுக்கு வெளியே இருக்கிறது: படம் காட்டுகிற அன்றைக்கு உன் தாத்தாவை முதல் வரிசையில் உட்காரவை. யாராவது எழுந்து போனால் போகட்டும்.

அந்தப் பையனை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. சென்னையில் எடிட்டிங் வேலையில் இருப்பதாகக் கேள்வி. போன கல்லறைத் திருநாளுக்கு அந்த ஊர்ப் பக்கம் போயிருந்தேன். இரண்டு தோட்டங்களிலும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. சுவர் அப்படியே இருக்கிறது.